ஊசியும் நூலும்: நைந்த துணியும் விடாத மனசும்

தையல் பகுதிக்கு வரும் கேள்விகள் வழக்கமாக பிளவுஸ் கைக்குழி பிடிக்கிறது, சுடிதார் பேன்ட் தொடையில் தெறிக்கிறது என்கிற ரகம்தான். போன மாதம் ஒரு பதிலின் ஓரத்தில், "எங்கள் வீட்டு பீரோவில் கட்டாத புடவை நாலு இருக்கிறது, கொடுக்கவும் மனசில்லை" என்று சும்மா எழுதிவைத்தேன். இந்த மாதக் கடிதங்களில் பாதி அந்த ஒரு வரிக்கு வந்தவை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போடுகிறேன். இம்முறை முழுக்கப் பழந்துணிதான். புது நெக் டிசைன் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா போய் மூன்று வருஷம். அவர் கட்டிய சுங்கிடிப் புடவை ஒன்றை நான் கட்டுகிறேன். இடுப்பில் செருகும் இடத்தில் ஒரு சாண் நீளம் கிழிந்துவிட்டது. தையல்காரர், "இதைத் தைக்கிற கூலிக்குப் புதுசே வாங்கலாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டில் தைக்க முடியுமா?
வாசகி, மதுரை

தையல்காரர்மேல் கோபம் வேண்டாம். ஒரு சாண் கிழிசலை ஒழுங்காக இழையோட்ட அரைநாள் ஆகும். அரைநாள் கூலியைக் கேட்டால் நீங்களே கொடுக்க மாட்டீர்கள்.

முதலில் புடவையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கிழிந்தது வேறு, இற்றுப்போனது வேறு. கொக்கியிலோ ஆணியிலோ மாட்டிக் கிழிந்திருந்தால் சுற்றியுள்ள துணி நெருக்கமாக இருக்கும். இற்றுப்போயிருந்தால் கிழிசலைச் சுற்றிச் சல்லடைபோல வெளிச்சம் தெரியும். சந்தேகமாக இருந்தால் கிழிசலிலிருந்து இரண்டு விரல் தள்ளி, இரண்டு கட்டைவிரலாலும் துணியை மெல்ல விரியுங்கள். "சர்ர்" என்று சின்னச் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுங்கள். அங்கே இழையோட்டினால் தைத்த இடம் நிற்கும், அதற்கு அடுத்த இடம் பிளக்கும்.

வெறும் கிழிசல்தான் என்று வைத்துக்கொள்வோம். கடை நூல் வாங்காதீர்கள். புடவையின் உள்முந்தியில், முதல் சுற்றில் உள்ளே போய்விடுகிற ஓரத்தைப் பிரித்தால் ஊடை இழை தானாகக் கையோடு வரும். புள்ளி விழாத இழையாகப் பார்த்து எடுங்கள். புடவைக்கு என்ன வயசோ அதே வயசு, அதே அளவு சாயம் போனது. எந்தக் கடையிலும் அந்த நிறம் கிடைக்காது. ஒற்றை இழை அறுந்தால் இரண்டாகச் சேர்த்துக் கோத்துக்கொள்ளுங்கள். 10 நம்பர் கை ஊசி போதும். கிழிசலுக்கு அடியில் நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்கிய கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டால் துணி சுருங்காமல் நிற்கும். ஒரு பக்கத்து இழைகளை முதலில் ஓட்டி முடித்து, அதற்குக் குறுக்கே ஒன்று மேல், ஒன்று கீழ் என்று கோத்துக்கொண்டு வாருங்கள். கயிற்றுக் கட்டில் பின்னுகிற கணக்குத்தான். ஒவ்வொரு வரிசை திரும்பும்போதும் நூலை இறுக்காமல் கடுகளவு கண்ணி விடுங்கள். துவைத்தால் நூல் சுருங்கும், அப்போது அந்தக் கண்ணி இடம் கொடுக்கும்.

நான் வளர்ந்தது அருப்புக்கோட்டை. விடியக்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு விரித்திருப்பார்கள். பள்ளிக்கூடம் போகிற எங்களை "ஓரமாப் போ, இழை அறுந்திரும்" என்று விரட்டுவார்கள். அறுந்த இழையை ஒரு பாட்டி இரண்டு விரலால் முறுக்கிப் பிணைக்கிற வேகத்தை வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். தையல் லோயர் பரீட்சைக்குப் படித்தபோது, வெள்ளைக் காடாத் துணியில் சிவப்பு நூலால் இழையோட்டிக் காட்டச் சொன்னார்கள். தப்பு பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக அந்தச் சிவப்பு. எனக்கு அந்தப் பாட்டி ஞாபகம்தான் வந்தது.

புடவை இற்றுப்போயிருந்தால் பின்பக்கம் ஒட்டுதான் போட வேண்டும். ஒட்டுக்குக் கோடித் துணி கூடாது. புதுத்துணி துவைத்ததும் சுருங்கும், விறைப்பாகவும் இருக்கும். பழசை இழுத்துக் கிழித்துவிடும். இதை நான் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், இது எங்க பைபிள்ல இருக்கு" என்றாள். பழைய வஸ்திரத்தில் கோடித் துண்டை இணைக்காதே என்று உவமையாக இருக்கிறதாம். பல தடவை துவைத்த மல் வேட்டித் துண்டு இருந்தால் அதை வையுங்கள்.

இன்னொன்று. இரண்டு கரையும் ஒரே மாதிரி இருந்தால் இனிமேல் புடவையைத் தலைகீழாகக் கட்டுங்கள். தைத்த இடம் காலடிக்குப் போய்விடும், செருகுவதற்குப் புது இடம் கிடைக்கும். உங்கள் அம்மாவுக்கு இது தெரிந்திருக்கும்.

என் கணவர் ஓட்டை விழுந்த பனியனைத் தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறார். கேட்டால் "சென்டிமென்ட்" என்கிறார். எட்டு பனியனிலுமா சென்டிமென்ட் இருக்கும்?
வாசகி, திருப்பூர்

ஊருக்கெல்லாம் பனியன் அனுப்புகிற ஊரில் இருந்துகொண்டு இப்படி ஒரு கடிதம்! பழைய பருத்தி துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும், அந்த சுகத்துக்குத்தான் அவர் அந்தப் பெயர் வைத்திருக்கிறார். இரண்டை விட்டுவையுங்கள், ஆறை வண்டி துடைக்க எடுங்கள். அவருக்கு எண்ணிக்கை தெரியாது.

அப்பாவின் அரைக்கை சட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. தபால் ஆபீஸில் இருந்தவர். காலர் முழுக்க நைந்து பிசிறு வந்துவிட்டது. பாக்கெட்டில் பேனா கசிந்த இங்க் கறை வேறு. சரிசெய்து போட்டுக்கொள்ள ஆசை. பாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் துணி வெளுக்காமல் இருக்கும், அதை வெட்டி ஒட்டலாம் என்று யூடியூபில் பார்த்தேன். செய்யலாமா?
வாசகர், நாகர்கோவில்

தம்பி, காலருக்கு ஒட்டே வேண்டாம். திருப்பிப் போட்டால் போதும். காலர் மடிந்து கழுத்தில் உரசுகிற பக்கம்தான் நைகிறது, அடிப்பக்கம் அப்படியே புதுசாக இருக்கும். பட்டியிலிருந்து காலரை மட்டும் பிளேடால் பிரித்து, அடியை மேலாக்கி மறுபடி பட்டிக்குள் வைத்துத் தைக்க வேண்டும். முன்பெல்லாம் மாதச் சம்பளக்காரர்கள் எல்லாச் சட்டைக்கும் இதைச் செய்துகொண்டார்கள். உங்கள் அப்பாவும் செய்திருக்கலாம். பிரிப்பதற்கு முன் பட்டியில் பழைய தையல் ஓட்டைகள் இரட்டை வரிசையாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஏற்கெனவே ஒரு தடவை திருப்பியாயிற்று என்று அர்த்தம், இரண்டு பக்கமும் தேய்ந்திருக்கும். அப்போது பேன்ட்டுக்குள் போகிற வால் பக்கத்திலிருந்து துணி எடுத்து மேல் காலரை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பழைய டெய்லராகப் பாருங்கள். இளவட்டங்கள் "விடுங்க சார்" என்பார்கள்.

பாக்கெட்டைத் தொடாதீர்கள். யூடியூபில் சொன்னது சரியான வித்தைதான், நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தச் சட்டையில் உங்கள் அப்பா இருக்கிற இடம் அந்த பாக்கெட். இங்க் கறையைப் போக்க எலுமிச்சை, பால் என்று யாராவது கிளம்பினால் அவர்களையும் தடுத்துவிடுங்கள்.

அம்மாவின் கல்யாணப் பட்டு, 1968இல் எடுத்தது. மடிப்பு மடிப்பாக விட்டுப்போகிறது. தெருவில் வருகிற பழம்பட்டு வியாபாரி ஜரிகைக்காக நல்ல விலை சொல்கிறார். நாங்கள் மூன்று சகோதரிகள். விற்கவா, தைக்கவா?
வாசகி, கும்பகோணம்

வியாபாரிக்குப் புடவை வேண்டாம். அதை எரித்து வெள்ளியை எடுப்பார். நல்ல ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் கொடுத்தது. எனவே அவர் சொல்லும் விலை வெள்ளிக்கான விலை, அதிலும் அவர் லாபம் போக. விற்பதானால் தெரிந்த நகைக்கடையில் ஜரிகையைக் காட்டிவிட்டுப் பிறகு பேசுங்கள்.

தைப்பது பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்த மடிப்பிலேயே ஒடியும். இது கிழிசல் இல்லை, இழையே உலர்ந்து முறிகிறது. ஒன்றைத் தைத்தால் ஊசி போன இடத்தில் இன்னொன்று ஆரம்பிக்கும். சிலர் பின்னால் ஃபியூசிங் வைத்து இஸ்திரி போட்டு ஒட்டித் தருகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பசை விறைத்து, ஒட்டின இடம் முடிகிற ஓரத்தில் பட்டு ஒடியும். கரை மட்டும் உடலோடு இணைகிற இடத்தில் விட்டிருந்தால் கவலை இல்லை. கோர்வைப் புடவையில் கரையும் உடலும் தனித்தனி நாடாவில் (தறியில் ஊடை இழையைக் கொண்டு ஓடுகிற கட்டை) ஓடிக் கோத்துக்கொள்வதால் அந்தச் சேர்க்கை விடுவது சகஜம், மெல்லிய ஊசியால் கையில் பிடித்துவிடலாம்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். முந்தானையும் கரையும் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். முந்தானையை வெட்டி, வெள்ளை மல் துணியை முழுக்கப் பின்னால் வைத்து, ஓரம் மட்டும் தைத்து ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கரையில் மற்ற இருவரும் பிளவுஸ் கைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கத்தரி வைக்க மனசு வராது, எனக்கும் வராது. ஆனால் பீரோவில் முழுசாக இருந்து பொடியாகப் போவதைவிட மூன்று கல்யாணத்துக்கு மூன்று பேர் கையில் வரட்டும்.

கத்தரி வைக்கும் வரை பாலித்தீன் கவரில் வைக்காதீர்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை இடம் மாற்றுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது, கறுத்துவிடும். வசம்பை இடித்துத் துணியில் முடிந்து ஓரமாக வையுங்கள். கஞ்சி போட்ட பருத்திப் புடவையை அதே தட்டில் அடுக்க வேண்டாம். இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி விருந்து.

போனவர்கள் துணியை வீட்டில் வைத்திருக்கக்கூடாது, கிழிந்ததைத் தைத்து உடுத்தினால் மூதேவி வருவாள் என்கிறார் என் மாமியார். உங்கள் கருத்து?
வாசகி, திருநெல்வேலி

ஊசி நூலைச் சுற்றி இப்படி எத்தனையோ உண்டு. விளக்கு வைத்தபின் ஊசி கடன் கொடுக்கக்கூடாது, உடம்பில் போட்டபடி தைக்கக்கூடாது. முதலாவதில் எனக்கு நம்பிக்கை உண்டு: அந்தக் காலத்து மங்கல் வெளிச்சத்தில் கைமாறிய ஊசி தரையில் விழுந்தால் மறுநாள் யார் காலிலாவதுதான் அகப்படும். இரண்டாவதற்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

போனவர்கள் துணிக்கு அப்படி ஒரே முறை கிடையாது. பிறந்த குழந்தைக்கு முதலில் பாட்டியின் பழம்புடவையைத்தான் தேடுகிறோம், தூளி கட்டவும் அதைத்தான் எடுக்கிறோம். பாட்டி இருக்கிறாளா இல்லையா என்று குழந்தை கேட்பதில்லை. மாமியாரிடம் வாதாட வேண்டாம். அவருக்குப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறதோ என்னவோ. கொஞ்ச நாள் அவர் கண்ணில் படாத தட்டில் வையுங்கள்.

கிழிந்த ஜீன்ஸில் வெள்ளை நூலால் ஊருக்கே தெரிகிற மாதிரி தைப்பது இப்போது ஃபேஷன். அப்படித் தைத்துப் போட்டேன். பாட்டி, "நமக்கென்ன வக்கில்லையா" என்று அழுதுவிட்டார். தப்பு யார்மேல்?
கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

யார்மேலும் இல்லை மகளே. நீ போட்டிருப்பது ஜப்பான்காரர்களின் சாஷிகோ. வடக்கு ஜப்பானின் குளிரில் பருத்தி விளையாது. வந்து சேர்ந்த அவுரிச் சாயத் துணியைக் குடியானவர்கள் ஒட்டின்மேல் ஒட்டாகப் போட்டு, வெள்ளை நூலால் ஓட்டுத்தையல் போட்டுத் தலைமுறையாக உடுத்தினார்கள். வங்காளத்துப் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவித் தைப்பது காந்தா. இரண்டும் இல்லாமையில் பிறந்தவை. இப்போது கடையில் விலையைப் பார்த்தால் மயக்கம் வரும்.

நம் பக்கம் இல்லாமை இல்லாமையாகவே நின்றுவிட்டது. பொருநராற்றுப்படையில் ஒரு பொருநன், பாடிப் பரிசு பெறுகிற கலைஞன், கந்தையோடு கரிகாலனிடம் போகிறான். "வேற்றிழை நுழைந்த துன்னல் சிதாஅர்" என்று அந்தக் கந்தைக்குப் பெயர். வேறு வேறு இழை நுழைந்து தைத்த கிழிசல் துணி. அரசன் அதைக் களையச் செய்து, பாம்புச் சட்டை போன்ற மெல்லிய துணி கொடுக்கிறான். அரசனைப் பாடியாயிற்று. அந்த வேற்றிழையை உட்கார்ந்து கோத்தது யார் என்று ஒரு வரி இல்லை. என் ஊகம், அவன் வீட்டுப் பெண்.

உன் பாட்டி அந்த மாதிரி தைத்து உடுத்திய காலம் ஒன்று இருந்திருக்கும். அதைக் கேள். ஜீன்ஸைப் பற்றிப் பேசாதே, அவர் என்ன நூலில் தைத்தார் என்று கேள்.

அம்மாவின் பழைய பிளவுஸ் ஒன்றில் அவரே கைக்குழியில் போட்ட ஒட்டு இருக்கிறது. ஊதா பிளவுஸுக்குப் பச்சைத் துணி, கோணல் மாணலான தையல். எனக்குத் தையல் தெரியும். அதைப் பிரித்துவிட்டு, பொருத்தமான துணியில் நேர்த்தியாக மாற்றலாம் என்றிருக்கிறேன். பிரிக்கும்போது பழைய துணி கிழியாமல் இருக்க என்ன செய்வது?
வாசகி, புதுக்கோட்டை

பிரிக்காதீர்கள்.

இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் அப்பா போர்த்திக்கொண்ட ஒரு வெள்ளைத் துப்பட்டி எங்கள் வீட்டில் இருந்தது. நடுவில் கிழிந்து, அம்மா அதை நீல நூலால் தைத்திருந்தார். வெள்ளை நூல் வாங்க மறந்திருப்பார், அல்லது காசு இருந்திருக்காது. என் பள்ளிக்கூடப் பாவாடை தைத்ததில் மிஞ்சிய நீலம் அது. அம்மா தையல் கற்றவர் இல்லை. ஒரு தையல் நீளம், அடுத்தது குட்டை, கடைசியில் ஒரு பெரிய முடிச்சு. சின்ன வயதில் அந்தத் துப்பட்டிக்குள் படுத்தால் அந்த முடிச்சைத்தான் விரலால் உருட்டிக்கொண்டிருப்பேன்.

ஹையர் பரீட்சை பாஸ் செய்தபோது எனக்கு 22 வயது. தலையில் கொம்பு முளைத்திருந்தது. வீட்டில் எதைப் பார்த்தாலும் திருத்தத் தோன்றும். ஒரு மத்தியானம் அந்த நீல நூலைப் பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்து எடுத்துவிட்டு, துப்பட்டி ஓரத்திலிருந்தே வெள்ளை இழையை உருவி, படித்த படிப்பையெல்லாம் காட்டி இழையோட்டினேன். அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குடி, கண்ணுக்கே தெரியல" என்றார். எனக்கு அன்றைக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

அம்மா 1994இல் போய்விட்டார். துப்பட்டி என்னிடம் இருக்கிறது. எப்போதாவது எடுத்து, எந்த இடம் என்று தேடுவேன். விரலால் தடவிப் பார்ப்பேன். அகப்படுவதே இல்லை. அவ்வளவு நன்றாகத் தைத்திருக்கிறேன்.

சரி, உங்கள் பிளவுஸுக்கு வருவோம். கைக்குழி வியர்வை பட்டு நைந்த இடம், அதனால் பச்சை ஒட்டைச் சுற்றியுள்ள ஊதாத் துணிதான் இனி விடும். உள்பக்கம் ஒட்டைவிட ஓர் அங்குலம் பெரிதாக மல் துணி வைத்து, ஊதாவோடு மட்டும் சின்ன ஹெம்மிங்காகப் பிடியுங்கள். அம்மா போட்ட தையல்மேல் உங்கள் ஊசி போக வேண்டாம். முடிச்சு அவிழ்கிற மாதிரி இருந்தால் அதன் வாலில் ஒரு சுற்றுப் போட்டு நிறுத்துங்கள், அவ்வளவுதான்.

எனக்கு 74 வயது. மனைவி பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரில் முழங்கை விட்டுவிட்டது. அவள் இருந்தால் சரிசெய்திருப்பாள். நானே தைக்கப் பார்க்கிறேன், ஊசியில் நூல் கோக்கவே முடியவில்லை. கை நடுங்குகிறது. மருமகளிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
வாசகர், திருச்சி

ஐயா, அந்த ஊசியை வைத்துவிடுங்கள். ஸ்வெட்டருக்கு உல்லன் தைக்கிற ஊசி என்றே தனியாக உண்டு. முனை மொட்டையாக இருக்கும், குத்தாது, காதும் பெரிசு. ஃபேன்ஸி ஸ்டோரில் கேட்டால் கொடுப்பார்கள். உல்லனை ஊசிமேல் மடித்து இறுக்கிப் பிடித்து, அந்த மடிப்பைக் காதுக்குள் தள்ளுங்கள், நுனியைத் தள்ளாதீர்கள்.

முதலில் விட்டுப்போன கண்ணிகளை ஒரு ஊக்கில் மாட்டி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கீழே கீழே ஓடும். நிறம் பொருந்துகிற உல்லன் தேட வேண்டாம். அவர் பின்னியது எது, நீங்கள் தைத்தது எது என்று தெரிகிற நிறமாகவே வாங்குங்கள். இழுத்து இறுக்காமல், முழங்கை மடங்குகிற அளவு தளர விட்டு, மேலும் கீழுமாக ஓட்டி, பிறகு குறுக்கே கோத்துக்கொண்டு வாருங்கள்.

மருமகளிடம் கூச்சமாக இருந்தால் பேரனோ பேத்தியோ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூப்பிட்டு, ஒரு முழ நூலாக ஆறு ஊசியில் கோத்து, ஒரு பழைய துணியில் வரிசையாகக் குத்தி வைக்கச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் கண் மங்கிய பாட்டிகள் எல்லாரும் எங்களை அப்படித்தான் பிடித்து உட்காரவைத்தார்கள். ஆறு ஊசி முடிவதற்குள் முழங்கை அடைந்துவிடும்.